திரையில் பிரேசில், திடலில் வெறுமை

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில், தமிழக எல்லை முடியும் இடம் பாலாறு. ஒரு காலத்தில் மைசூரு மாவட்டத்தில் இருந்த அப்பகுதி, 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது அதனுடன் சென்றது. தலைநகரில் இருப்பவர்களின் காதில் இந்தப் பெயர் எப்போதாவது விழுந்திருக்குமானால், அது நல்ல செய்தியாக இருந்திருக்க வாய்ப்பில்லை. 1993 ஏப்ரலில் வீரப்பன் கும்பல் புதைத்து வைத்த கண்ணிவெடிகளுக்கு 22 பேர் பலியான இடம் அது. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது இரு மாநிலப் பேருந்துகளும் எல்லையோடு நின்றன. 2023 பிப்ரவரியில் கர்நாடக வனத்துறையினரின் துப்பாக்கிச் சூட்டை அடுத்து, பாலாறு வழியிலான போக்குவரத்து மீண்டும் தடைப்பட்டது.

ஆள் கடக்க முடியாத நாள்களிலும் அந்த எல்லையைத் தடையின்றிக் கடப்பது கைபேசித் திரை ஒன்றுதான். சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசும் இளைஞரும், அந்தப் பக்கம் கன்னடம் பேசும் இளைஞரும் ஒரே காணொளியை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தக் காணொளியில் இருப்பவர் ஒரு பிரேசில்காரராக இருந்தால் வியப்படைய ஏதுமில்லை. நீண்ட தலைமுடி, எடுப்பான பற்கள், எப்போதும் மாறாத சிரிப்பு, கால் விரல்களில் ஒட்டிக்கொண்டதுபோல் சுழலும் பந்து. ரொனால்டினோ.

போர்ட்டோ அலெக்ரே நகரில் 1980-இல் பிறந்த இவர், கடைசியாக ஒரு கிளப் அணிக்காக ஆடியது 2015-இல். ஓய்வு பெற்றுவிட்டதாக முறைப்படி அறிவிக்கப்பட்டது 2018 ஜனவரியில். அதற்குப் பிறகு அவர் எந்தக் கோப்பையையும் வெல்லவில்லை. எந்த அணிக்கும் பயிற்சியாளராகவில்லை. ஆயினும் இன்ஸ்டாகிராமில் அவரைப் பின்தொடர்வோர் 7 கோடிக்கும் அதிகம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் மொத்த மக்கள்தொகை எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு பேர். இவர்களில் கணிசமானோர், அவர் ஐரோப்பாவில் ஆடிய காலத்தில் பள்ளிக்கே செல்லத் தொடங்கியிராத வயதினர். நேரில் கண்டிராத ஆட்டத்தின் மீது கொண்ட பற்று இது.

இந்தப் புகழ் தற்செயலாக வந்ததன்று. யூடியூப் தொடங்கப்பட்ட 2005-ஆம் ஆண்டிலேயே ரொனால்டினோவின் ஒரு காணொளி அதில் வெளியானது. புதுக் காலணியை அணிந்துகொண்டு, பந்தைக் கீழே விடாமல் தட்டியபடியே சென்று, கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தின் மீது மீண்டும் மீண்டும் அடித்து, திரும்பி வரும் பந்தை நெஞ்சிலும் காலிலும் வாங்குவார். அத்தளத்தில் 10 லட்சம் முறை பார்க்கப்பட்ட முதல் காணொளி அதுவே என்று கூறப்படுகிறது. அது உண்மையிலேயே நடந்ததா, கணினியில் வெட்டி ஒட்டியதா என்று அப்போதே விவாதம் எழுந்தது. உண்மையில் அது நைக் நிறுவனத்தின் காலணி விளம்பரம். உலகம் அதை விளம்பரம் என்று நினைத்துப் பார்க்கவில்லை. கால்பந்து என்று நினைத்துப் பார்த்தது. இன்றைய இணையப் புகழின் முதல் பாடம் அந்த ஒரு காணொளியிலேயே அடங்கியிருக்கிறது.

அவர் வெறும் விளம்பரப் பொம்மை அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2002 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஏறத்தாழ 40 மீட்டர் தொலைவிலிருந்து அவர் அடித்த ஃப்ரீ கிக், கோல்கீப்பர் சீமனின் தலைக்கு மேலே சென்று வலைக்குள் இறங்கியது. அதே ஆட்டத்தில் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியதும் அவரே. 2005 நவம்பரில் பார்சிலோனா அணிக்காக ரியல் மாட்ரிட்டின் சொந்தத் திடலில் இரண்டு கோல்கள் அடித்தபோது, எதிரணி ரசிகர்களே எழுந்து நின்று கை தட்டினர். அந்த ஆண்டின் தங்கப் பந்து விருதும் அவருக்கே கிடைத்தது. ஆனால் உச்சத்தில் அவர் இருந்த காலம் குறுகியது. பார்சிலோனாவை விட்டு 2008-இல் வெளியேறியபோது வயது 28 மட்டுமே.

குறுகிய உச்சம் என்பது ஆட்டக்காரருக்குக் குறை; இணையத்துக்கோ அதுவே வசதி. தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்குப் பொறுமை வேண்டும், வியூகம் வேண்டும், சலிப்பையும் தாங்க வேண்டும். இருபது விநாடிக் காணொளிக்கு ரொனால்டினோ போதும். இதே காரணத்தால்தான் 1994-இல் பிரேசிலுக்கு உலகக் கோப்பையைத் தலைமையேற்று வென்று தந்த துங்காவைக் கைபேசியில் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. பந்தைப் பறித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதுதான் அவருடைய வேலையாக இருந்தது. அதைக் காணொளியாக்கி என்ன செய்வது?

அந்த துங்காவும் ரொனால்டினோவும் ஒன்றாகச் சென்னைக்கு வந்தனர். 2025 மார்ச் 30 அன்று ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் பிரேசில் முன்னாள் வீரர்கள் அணியும் இந்திய முன்னாள் வீரர்கள் அணியும் மோதின. துங்கா பயிற்சியாளர், ரொனால்டினோ, ரிவால்டோ, லூசியோ, கில்பர்ட்டோ சில்வா ஆகியோர் அணியில். ஆட்டம் 2-1 என பிரேசில் பக்கம் முடிந்தது. முடிவு யாருக்கும் முக்கியமாக இருக்கவில்லை. அரங்குக்கு வந்தவர்கள் பார்க்க வந்தது கைபேசியில் கண்ட மனிதரை. கண்டதும் மீண்டும் கைபேசியிலேயே பதிவு செய்துகொண்டனர்.

அதற்கு ஐந்து நாள்கள் முன்பு, மார்ச் 25 அன்று, ஷில்லாங்கில் இந்தியாவின் உண்மையான தேசிய அணி ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் வங்கதேசத்தை எதிர்கொண்டது. கோல் ஏதுமின்றி ஆட்டம் முடிந்தது. ஓய்வு பெற்றுவிட்ட சுனில் சேத்ரியை 40 வயதில் திரும்ப அழைத்து வந்து ஆட வைத்தும் ஒரு கோல் கிடைக்கவில்லை. ஜூன் மாதம் ஹாங்காங்கிடம் தோல்வி. அக்டோபரில் சொந்த மண்ணான கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று, தகுதி பெறும் வாய்ப்பே பறிபோனது. நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 எனத் தோல்வி. 22 ஆண்டுகளில் அந்த நாட்டிடம் இந்தியா தோற்றது அதுவே முதல் முறை. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 142-ஆவது இடத்துக்கு இறங்கியது. 140 கோடி மக்களுக்கு 142-ஆவது இடம்.

சென்னையில் டிக்கெட் வாங்கியவர்களைக் குறை சொல்வது எளிது, நியாயமன்று. ரசிகர் தன் பணத்தை எங்கே செலவிடுவது என்பது அவருடைய உரிமை. அதுவும் சென்னை ரசிகர்கள் கால்பந்தைக் கைவிட்டவர்கள் அல்லர். ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014-இல் சென்னையின் எஃப்.சி. அணிக்கு வந்த எலானோவும் பிரேசில்காரர்தான். அவர் அந்த ஆண்டு 8 கோல்கள் அடித்து, தொடரிலேயே அதிக கோல் அடித்தவரானார். 2015-இல் சென்னை சாம்பியன் ஆயிற்று. 2018 மார்ச்சில் பெங்களூருவின் கண்டீரவா அரங்கிலேயே பெங்களூரு அணியை 3-2 என வீழ்த்தி மீண்டும் சாம்பியன் ஆனது. காவிரிக்காக முறைத்துக்கொண்டிருந்த இரு நகரங்கள் தொண்ணூறு நிமிடம் பந்துக்காக மட்டும் மோதிக்கொண்ட இரவு அது. 2019-இல் கோவையைத் தளமாகக் கொண்ட சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டத்தையும் வென்றது. மதுரையின் சேது எஃப்.சி. அதே ஆண்டில் மகளிர் லீக்கை வென்றது. ஒரே ஆண்டில் தமிழகத்துக்கு இரண்டு தேசியப் பட்டங்கள். சென்னை சிட்டி அணி இரண்டே ஆண்டுகளில் தேசிய அரங்கிலிருந்து மறைந்துபோனது. அதைப் பற்றி எந்த அரங்கிலும் எவரும் பெரிதாகக் கேள்வி எழுப்பவில்லை.

ரொனால்டினோ சென்னையில் ஆடுவதும் 2025-இல் முதல் முறையன்று. 2016 ஜூலையில் சென்னையில் தொடங்கிய ப்ரீமியர் ஃபுட்சால் தொடரில் கோவா அணிக்காக ஆடி, பெங்களூரு அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5 கோல்கள் அடித்தார். சில நாள்களில் தொடரின் நடுவிலேயே புறப்பட்டுச் சென்றுவிட்டார். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் அங்கீகாரம் இல்லாத அத்தொடர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கவில்லை. நட்சத்திரம் வந்த வழியே திரும்பியது. அதன் பின்னால் ஓர் ஆட்டக்களமும் மிஞ்சவில்லை.

இங்கேதான் தில்லியின் பங்கு தொடங்குகிறது. சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 2010 டிசம்பரில் 15 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தது. மொத்தத் தொகை 700 கோடி ரூபாய். அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடியும் என்பது கையெழுத்திட்ட நாளிலேயே அனைவருக்கும் தெரியும். பதினைந்து ஆண்டுகள் இருந்தன. மாற்று ஏற்பாடு எதுவும் தயாராக இல்லை. சம்மேளனத்தின் விதிமுறைகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்ததைக் காரணம் காட்டி, 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். தொடர் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஊதியத்தை நிறுத்தியது. அடுத்த சில நாள்களில் சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. பாலாற்றுக்கு இரு பக்கமும் இருந்த இரு பெரிய அணிகளும் ஒரே வாரத்தில் முடங்கின. நீர்ப் பங்கீட்டில் என்றும் கிடைக்காத சமத்துவம் இதில் கிடைத்தது.

முன்னாள் நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் வகுத்துத் தந்த விதிமுறைகளை உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு வணிக உரிமைகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. நவம்பர் 7-ஆம் தேதி கெடு முடிந்தபோது ஒரு நிறுவனமும் விண்ணப்பித்திருக்கவில்லை. ஓய்வு பெற்ற பிரேசில் வீரரின் ஒரு நாள் வருகைக்கு விளம்பரதாரர்கள் வரிசையில் நிற்கும் நாட்டில், முழு ஆண்டு லீக்குக்கு ஆள் இல்லை.

டிசம்பர் நடுவில் நடந்தவை இன்னும் கசப்பானவை. ஆர்ஜென்டினாவின் மெஸ்ஸி இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அவர் ஆட வரவில்லை. காட்சி தர வந்தார். டிசம்பர் 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களுக்கு அவருடைய முகமே தெரியவில்லை. அவரைச் சுற்றி அமைச்சர்களும் முக்கியப் பிரமுகர்களும் நின்றிருந்தனர். நாற்காலிகள் பறந்தன, அமைப்பாளர் கைதானார், மேற்கு வங்க விளையாட்டுத்துறை அமைச்சர் பதவி விலக நேர்ந்தது. இரண்டு நாள் கழித்துத் தலைநகரில் அருண் ஜேட்லி அரங்கத்தில் அவருக்கு வரவேற்பு. முதல்வர் ரேகா குப்தாவும் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் தலைவர் ஜெய் ஷாவும் மேடையில் இருந்தனர். அதே நகரில், துவாரகாவில் உள்ள சம்மேளனத் தலைமையகத்தில், நாட்டின் முதன்மை லீக் எப்போது தொடங்கும் என்ற கேள்விக்கு அன்று பதில் இல்லை.

2026 புத்தாண்டு பிறந்ததும் சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் உள்ளிட்ட வீரர்கள் கூட்டாக ஒரு காணொளி வெளியிட்டனர். இந்தியக் கால்பந்தைக் காப்பாற்ற ஃபிஃபா தலையிட வேண்டும் என்பதே அவர்களின் வேண்டுகோள். தங்கள் நாட்டு அரசும் சம்மேளனமும் இருக்கும்போது, வீரர்கள் வெளிநாட்டு அமைப்பிடம் கைகூப்ப வேண்டியிருந்தது. சில நாள்களில், ஜனவரி 6 அன்று, பிப்ரவரி 14-ஆம் தேதி முதல் 14 அணிகளுடன் சுருக்கப்பட்ட தொடர் நடைபெறும் என்று மத்திய விளையாட்டுத்துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்தார். அறிவிப்பு வரவேற்கத்தக்கது. அரையாண்டுக் காலம் ஊதியமும் ஆட்டமும் இன்றி வீரர்கள் இழந்ததை அது ஈடு செய்யாது.

சேத்ரி இணையத்தில் வேண்டுகோள் விடுத்தது அது முதல் முறையன்று. 2018 ஜூனில் மும்பையில் இந்தியா சீன தைபேயை 5-0 என வென்ற ஆட்டத்தில் அவர் மூன்று கோல்கள் அடித்தார். பார்த்தவர்கள் 2,569 பேர். அடுத்த நாள் அவர் வெளியிட்ட சிறு காணொளியில், எங்களைத் திட்டுவதற்காகவாவது அரங்குக்கு வாருங்கள் என்ற பொருள்பட மன்றாடினார். இரண்டு நாள் கழித்துக் கென்யாவுடன் நடந்த ஆட்டத்துக்கு அத்தனை டிக்கெட்டுகளும் விற்றுத் தீர்ந்தன. அது அவருக்கு நூறாவது சர்வதேச ஆட்டம். இணையப் புகழ் தீயது என்று சொல்வோர் இந்தச் சம்பவத்தை நினைவில் கொள்ள வேண்டும். அதே திரை, அதே விரல் அசைவு. ஒன்று பார்வையாளரைத் திடலுக்கு அழைத்து வந்தது. மற்றொன்று அவரைத் திரையோடு கட்டிப்போடுகிறது.

ஓய்வு பெற்ற இந்திய வீரர்களுக்கு இந்தப் புகழில் எவ்வளவு பங்கு கிடைத்திருக்கிறது என்பதற்கு ஐ.எம். விஜயனே சான்று. திருச்சூர் அரங்கில் சோடா விற்ற சிறுவன், இந்திய அணியின் தலைவரானார். 1999 தெற்காசிய விளையாட்டில் பூடானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12 விநாடிகளில் கோல் அடித்தார். சென்னையில் ரொனால்டினோவுக்கு எதிரே நின்ற இந்திய அணிப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. ஆனால் தமிழ் இளைஞர்களில் பெரும்பாலோருக்கு அவர் 'திமிரு' படத்தின் வில்லன்களில் ஒருவர். 'பிகில்' படத்தில் வந்து போனவர். அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது 2025-இல். ஆடி முடித்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் ஆடிய காலத்துக் காட்சிப் பதிவுகளைத் தேடினால் மங்கலான சில துண்டுகளே கிடைக்கும். பிரேசிலின் நினைவுகளைப் பாதுகாக்கக் காலணி நிறுவனமும் தொலைக்காட்சிகளும் இருந்தன. நம் வீரர்களின் நினைவைப் பாதுகாக்கும் கடமை சம்மேளனத்துக்கும் தூர்தர்ஷனுக்கும் உண்டு. அதை நிறைவேற்றச் செலவும் அதிகமன்று.

புகழ் ஒரு நாணயம். அது யார் கைக்குப் போகிறது என்பதில் கவனம் வேண்டும் என்பதற்கும் ரொனால்டினோவின் வாழ்க்கையே எடுத்துக்காட்டு. சுற்றுச்சூழல் விதிகளை மீறியதற்கான அபராதம் செலுத்தாததால் அவருடைய கடவுச்சீட்டு முடக்கப்பட்டிருந்த நிலையில், 2019 செப்டம்பரில் பிரேசில் அரசு அவரைச் சுற்றுலாத் தூதராக நியமித்தது. அதற்கு முந்தைய ஆண்டு தேர்தலில், வேட்பாளர் போல்சனாரோவின் எண்ணான 17 பொறித்த சட்டை அணிந்து படம் வெளியிட்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2020 மார்ச்சில் போலிக் கடவுச்சீட்டுடன் பராகுவே சென்று கைதாகி, 32 நாள் சிறையில் இருந்தார். நாற்பதாவது பிறந்த நாள் சிறையில்தான். அங்கும் கைதிகளின் போட்டியில் ஆடினார். வென்ற அணிக்குப் பரிசு ஒரு பன்றி. அந்தச் செய்தியும் உலகெங்கும் இணையத்தில் சிரிப்புடன் பகிரப்பட்டது. 2023-இல் அவர் பெயர் தாங்கிய மெய்நிகர் நாணய முதலீட்டுத் திட்டம் குறித்து பிரேசில் நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரை வரவழைத்தது. தமது பெயரும் படமும் தம் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டன என்று அவர் மறுத்தார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பணம் போட்டவர்கள் நம்பியது திட்டத்தை அன்று, அந்தச் சிரிப்பை.

திரைப்புகழ் வாக்காக மாறும் வித்தையைத் தமிழர்களுக்குப் பிரேசில் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் புகழை வேறு விதமாகப் பயன்படுத்தலாம் என்பதைப் பிரேசிலிடமிருந்து கற்கலாம். பெலே 1995-இல் விளையாட்டு அமைச்சரானார். வீரர்களை கிளப்புகளின் அடிமைத்தளையிலிருந்து விடுவித்த 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. ரொமாரியோ 2010-இல் நாடாளுமன்றத்துக்கும் 2014-இல் செனட்டுக்கும் தேர்வு பெற்றார். 2014 உலகக் கோப்பைக்காகக் கொட்டப்பட்ட பணத்தை எதிர்த்துப் பேசினார். 2015-இல் கால்பந்து நிர்வாக ஊழல் பற்றிய செனட் விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். நம் மாநிலங்களவையிலும் விளையாட்டு நட்சத்திரங்கள் நியமன உறுப்பினர்களாக அமர்ந்திருக்கின்றனர். தாங்கள் ஆடிய விளையாட்டின் நிர்வாகத்தை நோக்கி அவர்கள் எழுப்பிய கேள்விகளை எண்ண விரல்களே அதிகம்.

பிரதமர் மோடி 2023 ஜூலையில் வானொலி உரையிலும், 2025 மார்ச்சில் ஒரு நீண்ட நேர்காணலிலும் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் மாவட்டத்தில் உள்ள பிசார்பூர் கிராமத்தைப் பற்றிப் பேசினார். தலைமுறைகளாகக் கால்பந்து ஆடும் அக்கிராமத்துக்கு 'மினி பிரேசில்' என்று பெயர். வடசென்னையின் வியாசர்பாடியையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். பெருமைப்படுத்தும் நோக்கத்தில் சூட்டிய பெயர்தான்; எனினும் அதில் ஒரு குறையும் இருக்கிறது. வியாசர்பாடியின் பிள்ளைகள் வெறுங்காலுடன் ஆடி வளர்ந்தது பிரேசிலைப் போல ஆவதற்காக மட்டும் அல்ல. ஆடுவதற்கு ஓர் ஆண்டு முழுவதும் லீக் வேண்டும், தேர்வாளர் வந்து பார்க்க வேண்டும், ஊதியம் தேதி தவறாமல் வர வேண்டும். பிரேசிலிடம் இவையெல்லாம் இருக்கின்றன. பெயரை மட்டும் இரவல் வாங்குவதில் பயனில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. சங்கங்களின் தேர்தல், பதவிக்காலம், தீர்ப்பாயம் ஆகியவற்றையே அது பெரும்பாலும் பேசுகிறது. பொதுமக்கள் வரிப்பணத்தில் கட்டிய அரங்குகளில் வெளிநாட்டு நட்சத்திரங்களை வைத்துக் காட்சி ஆட்டங்கள் நடத்துவோர், வருவாயில் ஒரு பகுதியை உள்ளூர் விளையாட்டுக்குக் கட்டாயம் தர வேண்டும் என்ற விதி இருக்குமானால், சென்னையில் ஒரு மாலை விற்ற டிக்கெட்டுகளிலிருந்தே மாவட்ட லீக்குகளுக்குப் பந்தும் வலையும் நடுவர் ஊதியமும் கிடைக்கும். அதற்குப் புதுச் சட்டம் வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. நேரு அரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது. அடுத்த நட்சத்திரத்துக்காக அரங்கை வாடகைக்குக் கேட்டு விண்ணப்பம் வரும்போது, அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க ஆணையத்துக்குத் தில்லியின் ஒப்புதல் எதுவும் வேண்டியிராது.